தொப்புள்கொடி உறவுதான், வாடகைக்கு மட்டும் வீடு இல்லை

வாசகர் கேள்வி – பதில்

வடமாநிலத் தொழிலாளர்கள், முகாமில் வாழும் இலங்கைத் தமிழர்கள் பற்றி வந்த கடிதங்களில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். கள ஆய்வு, தொழிலாளர் விவகாரம், பள்ளிக்கல்வி ஆகியவற்றில் பழக்கமுள்ளவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வடமாநிலத் தொழிலாளர்களிடம் எங்கள் ஊர் மக்கள் காட்டும் ‘சமூக இடைவெளி’யை அளப்பது என் ஆய்வு. போகார்டஸ் அளவுகோலைப் பயன்படுத்தச் சொன்னார் என் வழிகாட்டி. அந்த ஏழு கேள்விகளையும் அப்படியே தமிழாக்கி 20 பேரிடம் கேட்டுப் பார்த்தேன். எல்லாரும் மகா நல்லவர்களாகப் பதில் சொல்கிறார்கள். எங்கே தப்பு?
– மாணவி, திண்டுக்கல்

முதலில் சொல்லை மாற்றுங்கள். கொரோனாவுக்குப் பிறகு ‘சமூக இடைவெளி’ என்றால் ரேஷன் கடை வாசலில் போட்ட சுண்ணாம்பு வட்டம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஆய்வேட்டில் ‘சமூகத் தொலைவு’ என்று எழுதுங்கள். கேள்வித்தாளில் அந்தச் சொல்லே வேண்டாம்.

எமரி போகார்டஸ் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் இருந்த சமூகவியலாளர். 1920-களில் அவர் கட்டியது ஓர் ஏணி. இன்ன கூட்டத்தாரைத் திருமண உறவாக ஏற்பேன் என்பது முதல் படி. அடுத்து நண்பராக, தெருவாசியாக, ஒரே தொழிலில் சகாவாக, நாட்டின் குடிமகனாக, வந்து பார்த்துப் போகிறவராக மட்டும் என்று விலகிக்கொண்டே போகும். ஏழாவது, நாட்டுக்குள்ளேயே விடமாட்டேன். ஒருவர் சம்மதிக்கும் மிக நெருங்கிய படியின் எண்தான் அவருடைய மதிப்பெண். அமெரிக்காவில், பெரும்பாலும் கல்லூரி மாணவர்களிடம், 1926-இல் எல்லாக் கூட்டங்களுக்கும் சேர்த்துச் சராசரி 2.14 வந்தது. 1977-இல் 1.93. அரை நூற்றாண்டில் நகர்ந்தது அவ்வளவுதான்.

அந்த ஏணியை இங்கே அப்படியே சாத்தினால் நிற்காது. பீகார்காரரை ‘குடிமகனாக ஏற்பீர்களா’ என்று கேட்டால் அர்த்தமே இல்லை, அவர் ஏற்கெனவே இந்தியக் குடிமகன். அந்தப் படியை ‘இந்த ஊரிலேயே ஓட்டும் ரேஷன் கார்டும் வாங்கி நிரந்தரமாகத் தங்கலாம்’ என்று மாற்றுங்கள். முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். ‘வேலையிடத்தில்’ என்ற படியை இரண்டாகப் பிளக்க வேண்டும்: உங்களோடு சமமாக வேலை செய்கிறவராக, உங்களுக்கு மேல் சூப்பர்வைசராக. பனியன் கம்பெனி முதலாளி முதலாவதற்குச் சந்தோஷமாகத் தலையாட்டுவார், ஆள் கிடைத்தால் போதும் அவருக்கு. அதே கம்பெனியின் டெய்லர், ‘இவங்க வந்ததுலதான் பீஸ் ரேட்டு ஏறல’ என்பார். பதில் சொல்பவரின் தொழிலைக் குறிக்காமல் விட்டால் இந்த இரண்டு பேரும் ஒரே சராசரிக்குள் கரைந்துபோவார்கள்.

திருமணப் படியில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. இங்கே அடுத்த தெருச் சாதிக்கே பெண் கொடுக்காதவர்கள் பீகாருக்குக் கொடுக்கமாட்டோம் என்றால் அது எதை அளக்கிறது? சாதியைத்தான். அதனால் பட்டியலில் ‘வேறு சாதியைச் சேர்ந்த, உங்கள் மாவட்டத் தமிழர்’ என்று ஒரு கூட்டத்தை அவசியம் சேருங்கள். அவர்களுக்கு 3.0, ஒடிசாக்காரருக்கு 3.6 என்று வந்தால், நீங்கள் எழுத வேண்டிய விஷயம் அந்த 0.6. வடமாநிலத்தவரை மட்டும் தனியாகக் கேட்கும் ஆய்வுகள் சறுக்குவது இங்கேதான்.

பட்டியலில் ஏழெட்டுக் கூட்டங்கள் இருக்கட்டும்: பீகார், ஒடிசா, வடகிழக்கு மாநிலத்தவர், நேபாளிகள், மலையாளிகள், தலைமுறைகளாக இங்கே கடை வைத்திருக்கும் மார்வாரிகள், முகாம் இலங்கைத் தமிழர். கூடவே இல்லாத ஒரு கூட்டத்தின் பெயரையும் போடுங்கள். அமெரிக்க உளவியலாளர் யூஜின் ஹார்ட்லி 1946-இல் வெளியிட்ட ஆய்வில் டேனிரியன், பைரினியன், வாலோனியன் என்று மூன்று கற்பனைக் கூட்டங்களைச் சேர்த்திருந்தார். மற்றவர்களை ஒதுக்கிய அதே ஆட்கள் உலகத்தில் இல்லாத இவர்களையும் ஒதுக்கினார்கள். உங்கள் ஊரில் அப்படி வந்தால், ‘அவங்க நடந்துக்கிற விதம் அப்படிங்க’ என்ற சமாதானம் எந்த அளவுக்கு நிற்கும் என்று தெரிந்துவிடும். கூட்டங்களின் வரிசையை மாற்றி நான்கு விதமாகத் தாள் அச்சடியுங்கள். இல்லாவிட்டால் முதலில் வரும் கூட்டம் மற்றதற்கெல்லாம் அளவுகோலாகிவிடும்.

ஒரு சிறு சொல்லும் கெடுக்கும். ‘சீசன் வேலைக்கு மட்டும் வரலாம்’ என்று எழுதினால், பக்கத்து வீட்டில் குடியிருக்கச் சம்மதித்தவர் இதற்கு ‘இல்லை’ என்பார். அவர் சொல்வது சரிதான், ‘மட்டும்’ இல்லையே. ‘சீசன் வேலைக்காவது வந்துபோகலாம்’ என்று எழுதினால் படிகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். அடங்குகிறதா என்று சரிபார்க்க வழி உண்டு. 120 பேர், ஆம்–இல்லை என்று ஆறு படிகள், ஆக 720 பதில்கள். நெருக்கமான படிக்குச் சம்மதித்துவிட்டு விலகிய படியை மறுத்தது போன்ற ஏறுமாறான பதில்களை எண்ணுங்கள். அவை 72-க்குள் இருந்தால், அதாவது ஏணிக்குப் பொருந்தும் பதில்களின் பங்கு 0.90-க்குக் குறையாமல் இருந்தால், ஏணி நிற்கிறது என்று கொள்ளலாம். தாண்டினால் சராசரி போடாதீர்கள், படிவாரியாகச் சதவீதம் கொடுங்கள். எங்கள் கணிப்பில், ‘வேலைக்கு வரட்டும், தெருவுக்கு வேண்டாம்’ என்பவர்கள் உங்கள் ஊரில் நிறைய இருப்பார்கள். முகாம் தமிழர் விஷயத்தில் ஏணி தலைகீழாகவே போகலாம். ‘நம்ம ரத்தம்’ என்பார்கள், குடியுரிமை கொடு என்று கையெழுத்துப் போடுவார்கள், வீடு கேட்டால் ‘ஆள் வந்துட்டாங்களே’ என்பார்கள்.

இனி அந்த ‘மகா நல்லவர்கள்’. சொல்வதும் செய்வதும் வேறு என்பதைச் சமூகவியலாளர் ரிச்சர்ட் லாபியர் 1934-இலேயே காட்டிவிட்டார். சீனத் தம்பதி ஒன்றுடன் அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றி 251 விடுதி, உணவகங்களுக்குப் போனார். ஒரே ஓர் இடத்தில்தான் இடமில்லை என்றார்கள். ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி ‘சீனர்களுக்கு இடம் தருவீர்களா’ என்று கேட்டார். பதில் எழுதிய 128 பேரில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ‘மாட்டோம்’. அங்கே வாய் மறுத்தது, கதவு திறந்தது. இங்கே பெரும்பாலும் வாய் இனிக்கும், கதவுதான் திறக்காது. லாபியரின் தம்பதியோடு ஒரு வெள்ளைக்காரர் கூட வந்தார் என்பதை மறக்க வேண்டாம். நம் ஊரிலும் சூப்பர்வைசர் கூட வந்தால் ரூம் கிடைத்துவிடுகிறது.

நேரே கேட்டால் மழுப்பும் கேள்விக்கு நாணய முறை உதவும். 200 வீட்டு உரிமையாளர்களிடம் ஒரு ரூபாய் நாணயத்தைக் கொடுத்து, நீங்கள் பார்க்காமல் சுண்டச் சொல்லுங்கள். தலை விழுந்தால் கேள்வி எதுவானாலும் ‘ஆம்’. பூ விழுந்தால் உண்மை. கேள்வி: ‘வடமாநிலத்தவர் என்பதற்காகவே வீடு இல்லை என்று சொன்னதுண்டா?’ 130 ‘ஆம்’ வந்தால், தலை விழுந்த சுமார் 100-ஐக் கழியுங்கள். மீதி 30 என்பது உண்மை சொன்ன 100 பேரில் 30. அதாவது 30 சதவீதம். யார் சொன்னார் என்று உங்களுக்கும் தெரியாது. கெட்டுப்போவது எங்கே என்றால், தலை விழுந்தும் சிலர் பழி வருமோ என்று ‘இல்லை’ சொல்லிவிடுவார்கள். அதனால் முதலில் ‘நீங்கள் சைவமா’ என்பதுபோல் ஒரு சாதுக் கேள்வியில் பழக்குங்கள். பாதிப் பதில்கள் வீணாவதால் 50 பேரை வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள்.

எங்கள் காம்பவுண்டில் 12 லைன் வீடுகள். இப்போது ஏழில் வடமாநிலப் பையன்கள். மற்ற குடும்பங்கள் ‘நாத்தம், அழுக்கு, ராத்திரியெல்லாம் சத்தம்’ என்று தினமும் சண்டை. காலி செய்யச் சொன்னால் கம்பெனிக்காரர் கோபிப்பார். என்ன செய்யலாம்? என்னென்ன காகிதம் வாங்க வேண்டும்?
– வீட்டு உரிமையாளர் அம்மா, திருப்பூர்

கழிப்பறை எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை. அங்கேதான் பாதிச் சண்டை. 12 ரூம், ரூமுக்கு நான்கு பேர் என்றால் 48 பேர். மூன்று கழிப்பறை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 16 பேர். ஆளுக்கு 7 நிமிடம் என்றால் 112 நிமிடம், கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். ஷிஃப்ட் 8:30-க்கு என்றால் 6:30-க்கே வரிசை ஆரம்பிக்க வேண்டும். குடும்பங்களில் இந்த நெருக்கடி தெரியாது. குழந்தைகள் ஒரு நேரம், வீட்டிலிருப்பவர்கள் ஒரு நேரம் என்று பரவிவிடும். பையன்கள் எல்லாருக்கும் ஒரே ஷிஃப்ட். கடைசியில் இருப்பவன் வெளியே போவான். தெரு சொல்லும், ‘இவங்களுக்கு சுத்தமே கிடையாது’ என்று. அதே மூன்று கழிப்பறையில் 48 மதுரைப் பையன்களை விட்டாலும் அதே கதைதான்.

எட்டுப் பேருக்கு ஒன்று என்று ஆறாக்கினால் அதே வரிசை 56 நிமிடத்தில் முடியும். தண்ணீரையும் கணக்கிடுங்கள். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசு வழிகாட்டி அளவு. அதில் பாதியே போதும் என்றாலும் 48 பேருக்கு 3,200 லிட்டருக்கு மேல் ஆகிறது. மாடியில் ஒரே ஒரு ஆயிரம் லிட்டர் டேங்க் இருந்தால் ஏழு மணிக்கே குழாய் காற்றுதான் விடும். அப்புறம் யார் எதைக் கழுவுவது?

நாற்றம் என்பது அநேகமாகக் கடுகெண்ணெய். அதைப் புகை வரும்வரை காய்ச்சித்தான் தாளிப்பார்கள், பழகாத மூக்குக்குக் காட்டமாகத்தான் இருக்கும். லைன் வீட்டில் ஜன்னல் ஒன்றுதான், அதுவும் பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்து இருக்கும். அடுப்பை வைக்கும் மூலையில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு, காற்று பின்பக்கம் போகும்படி விடுங்கள். நம் வீட்டுக் கருவாடு அவர்களில் பலருக்கு எப்படி இருக்கும் என்பதை உங்கள் குடியிருப்போர் கூட்டத்தில் யாராவது சொன்னால் நல்லது.

சத்தத்துக்கு விதி போடுங்கள். பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் இல்லை, போன் பேச்சு மொட்டை மாடியில். ஆனால் விதி 12 ரூமுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். வடமாநில ரூம்களின் கதவில் மட்டும் ஒட்டினால் அது விதியில்லை, முத்திரை. இந்தியில் மட்டும் எழுதினால் போதாது. ஒடிசாக்காரர்கள் இருந்தால் ஒடியாவிலும் வேண்டும், அவர்களையே எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு ரூமிலிருந்தும் ஓர் ஆள், வாரம் ஒரு முறை, பத்து நிமிடம் பேசினால் போதும். குடும்ப வீட்டார் ஒருவரும் வடமாநிலப் பையன் ஒருவரும் சேர்ந்து மோட்டார் சாவியைப் பொறுப்பேற்கட்டும். தண்ணீர்ச் சண்டை பாதியாகும்.

காகிதம்: ஒவ்வொருவரின் ஆதார் நகல், புகைப்படம், சொந்த ஊர் முகவரி, வீட்டார் ஒருவரின் போன் எண், கம்பெனி அடையாள அட்டை நகல். உங்கள் காவல் நிலையத்தில் குடியிருப்போர் விவரப் படிவம் இருந்தால் நிரப்பிக் கொடுத்து முத்திரையிட்ட நகலை வாங்கி வையுங்கள். இதையும் எல்லா ரூமுக்கும் செய்யுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், 90 நாட்களுக்குள் வாடகை அதிகார அலுவலரிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறாகச் சொல்லாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்ய வைக்கக் கரண்டையோ தண்ணீரையோ நிறுத்தவும் கூடாது. ஒப்பந்தம் யார் பெயரில் என்பதில் கவனம் தேவை. ஏஜெண்ட் பெயரில் போட்டால் அவர் ரூமுக்கு நான்கு என்று சொல்லி எட்டுப் பேரைத் திணிப்பார், உங்களுக்குத் தெரிவது செப்டிக் டேங்க் நிரம்பும்போதுதான். தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குபவர்கள் தாங்களே இந்த நெரிசலுக்குக் கூலி கொடுக்கிறார்கள்.

‘வடக்கன்’ என்பது வசவா? திசையைத்தானே சொல்கிறோம்?
– வாசகர், ஈரோடு

‘பாண்டி’ என்பதும் நாட்டின் பெயர்தான், பாண்டிய நாடு. கேரளத்தில் தமிழரைப் பார்த்து அதை ஒரு மாதிரி இழுத்துச் சொல்லும்போது எப்படி இருக்கும் என்று பாலக்காட்டில் வேலை பார்த்த யாரையாவது கேளுங்கள். மும்பையில் ‘மதராசி’யும் ஊர்ப் பெயர்தான். 1960-களின் பிற்பகுதியில் சிவசேனை தென்னிந்தியருக்கு எதிராகக் கிளம்பியபோது அந்தப் பெயர்தான் கல்லாக வந்து விழுந்தது. அகராதி பார்க்க வேண்டாம். அவர் எதிரில் நிற்கும்போது, அவருக்குத் தமிழ் தெரியும் என்று தெரிந்தும், அந்தச் சொல்லால் கூப்பிடுவீர்களா? மாட்டீர்கள் என்றால் வசவுதான். பெயரைக் கேட்டுக் கூப்பிடுங்கள். அது முடியாதபோது ‘வெளிமாநிலத் தொழிலாளி’ போதும். கேரள அரசு ‘அதிதித் தொழிலாளி’ என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விருந்தாளி என்றாலே என்றைக்குக் கிளம்புவீர்கள் என்ற கேள்வி உள்ளே இருக்கிறதே!

2023-இல் பரவிய அடிதடி வீடியோக்கள் பொய் என்று பிறகு சொன்னார்கள். இனி வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், கோவை

அந்த ஆண்டு பிப்ரவரிக் கடைசி, மார்ச் ஆரம்பத்தில் ‘தமிழ்நாட்டில் பீகாரிகள் கொல்லப்படுகிறார்கள்’ என்று சுற்றிய வீடியோக்களில் ஒன்று வடமாநிலத் தொழிலாளர்களுக்கு உள்ளேயே நடந்த தகராறு. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கு இடையில் நடந்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவே வந்து பார்த்தது. மார்ச் 8 ஹோலி. ஆண்டுதோறும் ஹோலிக்கு ஊருக்குப் போகும் கூட்டத்தைப் படமெடுத்து ‘தப்பி ஓடுகிறார்கள்’ என்று போட்டார்கள். அதைப் பார்த்த தாய்மார்கள் பீகாரிலிருந்து போன் அடிக்க, நிஜமாகவே பலர் கிளம்பினார்கள்.

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். வண்டி நம்பரில் முதல் இரண்டு எழுத்து எந்த மாநிலம்? கடைப் பலகை எந்த எழுத்தில்? போலீஸ் தொப்பி, பஸ் நிறம்? பின்னால் கேட்கும் பேச்சு எந்த மொழி? தெளிவான ஒரு காட்சியைத் திரைப்பிடிப்பு எடுத்துப் படத் தேடலில் போட்டால் பழைய வீடியோ என்றால் பெரும்பாலும் சிக்கிவிடும். ஒலியை அணைத்து ஒரு முறை பாருங்கள். மேலே ஒட்டிய குரல்தான் பாதிப் பொய்யைச் சொல்லும். ‘நம்மாளை வடக்கன் அடிக்கிறான்’ என்று எதிர்த்திசையில் வரும் வீடியோவுக்கும் இதே சோதனைதான். அங்கே நம் கை தானாக ஃபார்வர்டுக்குப் போகும் என்பதால் இரண்டு மடங்கு.

‘நம்ம ரேஷன் அரிசியை அவங்க வாங்கிட்டுப் போறாங்க’ என்கிறார்கள். உண்மையா?
– கடை ஊழியர், காஞ்சிபுரம்

2020 அக்டோபர் முதல் தமிழ்நாடு ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் இருக்கிறது. வெளிமாநிலக் கார்டுக்குக் கிடைப்பது தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அவருக்கு ஏற்கெனவே உரிய தானியம்தான்: முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ. நம் மாநிலம் தனியாகக் கொடுக்கும் துவரம் பருப்பும் பாமாயிலும் அவருக்குக் கிடையாது. ஆக, உங்கள் கார்டின் அளவு ஒரு கிராம்கூடக் குறைவதில்லை. நிஜப் பிரச்சினை விரல் ரேகை. சிமெண்ட்டும் சாயமும் ரேகையைத் தின்றுவிடும், இயந்திரம் ஏற்காது. விரலைக் கழுவித் துடைத்து வேறு விரலை வையுங்கள், அதற்கும் மசியாவிட்டால் கண் கருவிழிப் பதிவோ ஆதார் போனுக்கு வரும் எண்ணோ கிடைக்கிறதா பாருங்கள். ஊரில் மனைவி முழுக் கார்டுக்கும் அரிசி வாங்கிவிட்டால் இங்கே வராது. பங்கைப் பிரித்து எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. விவரத்துக்கு 14445.

என் மகனின் நண்பன் கொட்டப்பட்டு முகாமில் பிறந்தவன். அவன் அம்மாவும் இந்தியாவில் பிறந்தவர். இன்னும் ஏன் ‘அகதி’? முகாம்காரர்கள், சிலோன்காரர்கள், தாயகம் திரும்பியோர் எல்லாம் ஒன்றுதானா?
– வாசகி, திருச்சி

ஒன்றல்ல, ஆனால் கலந்து கிடக்கிறது. 1964 அக்டோபர் 30 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகத் தோட்டத் தமிழரில் 5.25 லட்சம் பேரை இந்தியா ஏற்பதென்றும் 3 லட்சம் பேரை இலங்கை வைத்துக்கொள்வதென்றும் முடிவானது. மீந்த 1.5 லட்சத்தை 1974-இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள், தேயிலை மூட்டையைப் பிரிப்பதுபோல. அப்படி வந்தவர்கள் தாயகம் திரும்பியோர். சட்டப்படி இந்தியக் குடிமக்கள். அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் இவர்களுக்காகத்தான் நீலகிரியில் 1968-இல் தொடங்கியது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் இரண்டு தலைமுறை ஓட்டுப் போட்ட பிறகும் ‘சிலோன்காரங்க’ என்ற பெயர் மாறவில்லை. குடியுரிமை வந்தால் தொலைவு தானே போய்விடும் என்று நினைப்பவர்கள் ஒரு நடை அங்கே போய் வரலாம்.

முகாமில் இருப்போர் 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்தவர்கள். மூன்று லட்சத்துக்கு மேல் வந்தார்கள், பலர் திரும்பினார்கள். இன்று நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர், வெளியே காவல் நிலையத்தில் பதிந்து வாழ்வோர் தனி. முகாம்களிலும் மலையகக் குடும்பங்கள் கணிசம். மண்டபம் முகாம் இருக்கும் இடம் வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நோய் பார்த்து அனுப்பிய முகாம். தாத்தா அந்த வழியாகப் போனார், பேரன் அங்கேயே வந்து இறங்கினான்.

இந்தியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அதனால் ‘அகதி’ என்ற சொல்லுக்கு இங்கே சட்டத்தில் இடம் கிடையாது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. மண்டபத்தில் அந்தத் தேதிக்கு முன் பிறந்த ஒரு முகாம்வாசி உயர் நீதிமன்றம் வரை போய்ப் பாஸ்போர்ட் வாங்கி 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார். ஆகவே அந்தப் பையனின் அம்மா பிறந்த தேதியை முதலில் பாருங்கள். அந்தத் தேதிக்கு முன் என்றால் பிறப்புச் சான்றிதழ் அல்லது மருத்துவமனைப் பதிவு, முகாம் பதிவேட்டின் நகல் எல்லாவற்றையும் திரட்டி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். 1987 ஜூலைக்குப் பின் 2004 டிசம்பர் 3-க்குள் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். அதற்கும் பிறகு என்றால், ஒருவர் இந்தியராக இருப்பதோடு மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாகவும் இருக்கக் கூடாது. படகில் பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர் அந்தச் சொல்லுக்குள் விழுந்துவிடுகிறார். முடிச்சு இங்கேதான். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்தவர்களுக்கு ஆவணமில்லாமல் வந்ததற்கான தண்டனையிலிருந்து 2025-இல் விலக்கு கிடைத்தது. அது குடியுரிமை இல்லை.

2021 ஆகஸ்டில் மாநில அரசு ‘அகதிகள் முகாம்’ என்பதை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றி, 317.40 கோடி ரூபாய்த் திட்டமும் 7,469 புதிய வீடுகளும் அறிவித்தது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,000 ரூபாய் என்றிருந்த உதவி 1,500 ஆனது. பலகை மாறியது நல்லதுதான். ‘கதி’ இல்லாதவன் அகதி, அந்தச் சொல்லைப் பள்ளிப் பதிவேட்டில் சுமந்தவர்களுக்கு அதன் எடை தெரியும். தணிக்கை நாளன்று எல்லாரும் வரிசையில் நின்று பதிய வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. வெளியூர் வேலைக்குப் போனவர் பெயிண்ட் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். உங்கள் மகன் அந்த நாளில் நண்பனைச் சினிமாவுக்குக் கூப்பிட்டு அவன் மழுப்பினால் காரணம் அதுவாக இருக்கும்.

அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. ஆறாம் வகுப்பில் 30 பேரில் ஏழு பேர் ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள். கடைசி பெஞ்சில் தனியாக உட்காருகிறார்கள். சேர்த்து உட்காரவைத்தும் பேசிக்கொள்வதில்லை. வேறு வழி?
– ஆசிரியை, ஸ்ரீபெரும்புதூர்

பக்கத்தில் உட்காருவது மட்டும் போதாது. சேர்ந்து பழகினால் வெறுப்பு குறைய என்னென்ன வேண்டும் என்று உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-இலேயே சொன்னது: சம அந்தஸ்து, பொது இலக்கு, சேர்ந்து செய்யும் வேலை, மேலே இருப்பவரின் ஆதரவு. உத்தரப் பிரதேசத்தில் வேறு வேறு சாதி இளைஞர்களைக் கிரிக்கெட் ஆடவைத்துப் பார்த்த ஆய்வில், ஒரே அணியில் ஆடியவர்களுக்குள் நட்பு கூடியது, எதிரணியில் நின்றவர்களிடம் அந்தப் பலன் இல்லை. ஆகவே ‘தமிழ்ப் பிள்ளைகள் – இந்திப் பிள்ளைகள்’ கபடி மட்டும் வேண்டவே வேண்டாம்.

1971-இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில், கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளைப் புதிதாகச் சேர்த்த வகுப்புகளில் உளவியலாளர் எலியட் ஆரன்சன் செய்த துண்டுப்பாட முறை உங்களுக்குப் பொருந்தும். 30 பேரை ஆறு குழுவாக்குங்கள், குழுவுக்கு ஐந்து பேர். ஏழு பேரையும் பரப்பினால் ஒரு குழுவில் மட்டும் இருவர் வருவார்கள். பாடத்தை ஐந்து துண்டாக்கி ஆளுக்கு ஒன்று. ஒரே துண்டு வாங்கியவர்கள் முதலில் ஒன்றாக உட்கார்ந்து 15 நிமிடம் படிக்கட்டும். பிறகு அவரவர் குழுவுக்குத் திரும்பி மற்ற நான்கு பேருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பரீட்சை தனித்தனி. ஆக, ஒடிசாப் பெண் சொல்வதைக் கேட்காவிட்டால் மற்றவர்களுக்கு மார்க் போகும்.

சொதப்பும் இடம் மொழி. தமிழ் வாசிக்கத் திணறும் பிள்ளைக்குப் பத்தியைக் கொடுத்தால் எல்லார் முன்னாலும் அவமானம்தான் மிஞ்சும். படம், வரைபடம், கணக்கு உள்ள துண்டைக் கொடுங்கள். நதிகள் பாடம் என்றால் மகாநதி அவளுடையது. தமிழ் நன்றாகப் பேசும் ஒரு பையனையே எப்போதும் மொழிபெயர்ப்பாளராக்காதீர்கள். இரண்டே வாரத்தில் அவன் வகுப்பின் பியூன் ஆகிவிடுவான், படிப்பு போய்விடும். வாரம் இரண்டு வகுப்பு, எட்டுப் பத்து வாரமாவது செய்யுங்கள். முதல் மூன்று வாரம் கூச்சலாகத்தான் இருக்கும். வருகைப் பதிவில் பெயரைச் சரியாக உச்சரியுங்கள். ஒடிசாப் பெண்ணின் பெயரை ‘சுபாஷினி’ என்று வாய்க்கு வந்தபடி திருத்தினால், பிள்ளைகளும் அவளை அப்படியே கூப்பிடுவார்கள்.

இடையில் சேர வருபவர்களிடம் மாற்றுச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டம் இரண்டையும் தடையாகக் காட்ட விடுவதில்லை. சேர்த்துக்கொண்டு பிறகு கேட்டு வாங்குங்கள். செங்கல் சூளை, கட்டட வேலை மாறும்போது பிள்ளைகள் சொல்லாமல் போய்விடுவார்கள். பெயரை நீக்குமுன் அப்பாவின் போனுக்கு ஒரு முறை அடித்து, அடுத்த ஊர்ப் பள்ளிக்கு எடுத்துப்போக ஒரு கடிதம் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.